ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்கள்

2007 ஏப்ரல் 6 அன்று, ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி, அமெரிக்கத் திரையரங்குகளில் ‘கிரைண்ட்ஹவுஸ்’ வெளியானது. ராபர்ட் ரோட்ரிகஸ் இயக்கிய ‘பிளானட் டெரர்’, குவென்டின் டாரன்டினோ இயக்கிய ‘டெத் ப்ரூஃப்’ என்ற இரண்டு முழுநீளப் படங்கள், அவற்றுக்கு முன்னும் நடுவிலும் எடுக்கப்படாத படங்களுக்கான போலி டிரெய்லர்கள், எல்லாம் சேர்த்து 191 நிமிடங்கள், அத்தனைக்கும் ஒரே டிக்கெட். 5 கோடி டாலருக்கு மேல் செலவான அந்தப் படம் முதல் வார இறுதியில் ஏறத்தாழ 1.16 கோடி டாலரும், அமெரிக்காவில் மொத்தமாக ஏறத்தாழ 2.5 கோடி டாலரும் மட்டுமே வசூலித்தது. வணிகக் கணக்கில் அது தோல்வி என்பதில் ஐயமில்லை. ஆனால் மலிவுத் திகில் படங்களுக்கும் அடிதடிப் படங்களுக்கும் கடந்த இருபது ஆண்டுகளில் செலுத்தப்பட்டு வரும் அஞ்சலிகளைத் தேடித்தேடிப் பார்த்தவன் என்ற முறையில், அவற்றில் எதற்கு உயிர் இருக்கிறது, எது வெறும் வேடம் என்று பிரித்தறிய எனக்கு இன்றும் உரைகல்லாக இருப்பது அந்தப் படம்தான்.

இந்த அஞ்சலி யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கின் 42ஆம் தெருவில், ஏழாவது அவென்யூவுக்கும் எட்டாவது அவென்யூவுக்கும் நடுவில், லிபர்ட்டி, லிரிக், செல்வின், ஹாரிஸ், நியூ ஆம்ஸ்டர்டாம் என்று நெருக்கமாக நின்ற அரங்குகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேடை நாடகங்களுக்காகக் கட்டப்பட்டவை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நாடகத் தொழில் நொடித்துப்போக, அவை சினிமாக் கொட்டகைகளாயின. அங்கே காலையிலிருந்து பின்னிரவு வரை படம் இடைவிடாமல் ஓடும். டிக்கெட் வாங்கியவர் எந்த நேரத்திலும் உள்ளே நுழையலாம், பாதியிலிருந்து பார்க்கத் தொடங்கலாம், அடுத்த சுற்றில் தான் தவறவிட்ட முதல் பாதியைப் பார்த்துவிட்டு எழுந்து போகலாம். 1960களிலும் 70களிலும் பெரிய ஸ்டுடியோக்கள் தொடத் தயங்கிய ரத்தம், காமம், போதை, பழிவாங்கல் ஆகியவற்றையே முதலாக வைத்து எடுக்கப்பட்ட எக்ஸ்பிளாய்டேஷன் படங்களுக்கு நகரத்தில் ‘கிரைண்ட்ஹவுஸ்’ எனப்பட்ட இத்தகைய கொட்டகைகளும், நகரத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகளும் புகலிடமாக இருந்தன.

இரண்டு படங்களைச் சேர்த்துக் காட்டும் வழக்கத்துக்குப் பின்னால் கறாரான ஒரு கணக்கு இருந்தது. அப்படிப்பட்ட காட்சியில் முதன்மைப் படத்துக்குத்தான் வசூலில் பங்கு கிடைக்கும். துணைப் படத்துக்கு ஒரு நிலையான வாடகையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 1950களின் நடுவில் ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும் தொடங்கிய அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம் இரண்டு படங்களையும் தானே எடுத்து ஜோடியாக அனுப்பி, முழுப் பங்கையும் கேட்டு வாங்கியது. அங்கே பெரும்பாலும் தலைப்புதான் முதலில் பிறக்கும், அதற்குப் போஸ்டர் வரைவார்கள், தியேட்டர்காரர்களுக்கு அது பிடித்திருந்தால் அதன்பிறகே கதை எழுத ஆள் தேடுவார்கள். ரோட்ரிகஸும் டாரன்டினோவும் சேர்ந்து இப்படியொரு படம் எடுக்கும் எண்ணம் பிறந்ததும் ஒரு போஸ்டரிலிருந்துதான். ‘டிராக்ஸ்ட்ரிப் கேர்ள்’, ‘ராக் ஆல் நைட்’ என்ற 1957ஆம் ஆண்டுப் படங்களை இந்த நிறுவனம் ஜோடியாக வெளியிட்டபோது அச்சிட்ட போஸ்டர் டாரன்டினோவின் வீட்டில் இருந்தது. அதே போஸ்டர் தன்னிடமும் இருப்பதை அதைப் பார்த்த ரோட்ரிகஸ் கவனித்தார்.

ஆனால் ‘கிரைண்ட்ஹவுஸை’ப் பார்க்கும் எவரும் முதலில் கவனிப்பது அதன் கீறல்களைத்தான். அவற்றின் மூலம் எது என்று தெரிந்துகொண்டால்தான் அஞ்சலியை எடைபோட முடியும். சிறிய விநியோகஸ்தர்களிடம் ஒரு படத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பிரிண்டுகளே இருந்தன. ஓர் ஊரில் ஓடி முடித்த படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போகும். ஒவ்வொரு புரொஜெக்டரும் தன் பங்குக்கு ஒரு கோட்டைக் கிழிக்கும், ஃபிலிம் அறுந்த இடத்தில் ஆபரேட்டர் சில பிரேம்களை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார், ஒவ்வோர் ஒட்டிலும் ஒரு சொல்லோ ஒரு பார்வையோ காணாமல் போகும். சில சமயம் வழியில் ஒரு ரீலே தொலைந்துபோகும். அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் மற்றச் சாயங்களுக்கு முன்னதாக வெளுத்துவிடும் என்பதால், சில ஆண்டுகளில் வானமும் முகமும் சுவரும் ஒன்றுபோல் இளஞ்சிவப்பாகிவிடும். டூரிங் டாக்கீஸில் மழைக்கோடு விழுந்த பிரிண்டில் படம் பார்த்து வளர்ந்த நம் தலைமுறைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. எந்த இயக்குநரும் விரும்பிப் போட்ட கோலமல்ல அது. அந்தப் பிரிண்ட் எத்தனை ஊர் பார்த்தது, எத்தனை கைகளில் சிக்கியது என்பதற்கான சாட்சியம் அது.

அதைச் செயற்கையாக உண்டாக்குவது சரியா என்ற கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. ‘பிளானட் டெரர்’ டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டு, கணினியில் சேதப்படுத்தப்பட்டது. ‘டோன்ட்’ என்ற போலி டிரெய்லரை எடுத்த எட்கர் ரைட், ஃபிலிமை எஃகுக் கம்பிச் சுருளால் தேய்த்து, அதன் பிறகு கார் நிறுத்துமிடத்தில் தரையோடு தரையாக இழுத்துச் சென்றார். இந்த இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அங்கே சேதத்துக்கு ஒரு தரையும் ஒரு கையும் இருக்கின்றன. அந்த டிரெய்லரின் அடிப்படை எண்ணமும் கூர்மையானது. ஐரோப்பியத் திகில் படங்களை வாங்கிய அமெரிக்க விநியோகஸ்தர்கள், நடிகர்களின் உச்சரிப்பு வெளிநாட்டுப் படம் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி, டிரெய்லரில் ஒரு வசனம்கூட வராமல் பார்த்துக்கொள்வார்கள். ரைட் அந்த அச்சத்தையே டிரெய்லராக எடுத்தார். பழைய தொழிலின் ஒரு நடைமுறையை இவ்வளவு நெருக்கமாகக் கவனித்தவரால்தான் அப்படிச் செய்ய முடியும்.

‘தொலைந்த ரீல்’ என்ற உத்தியும் அப்படித்தான். ‘பிளானட் டெரர்’ படத்தில் நாயகனும் நாயகியும் நெருங்கும் காட்சியில் ஃபிலிம் எரிந்து உருகுகிறது. ஒரு ரீல் காணவில்லை என்று நிர்வாகம் வருத்தம் தெரிவிக்கும் அட்டை வருகிறது. படம் திரும்பும்போது உணவகம் பற்றி எரிகிறது, ஷெரிப் குண்டடிபட்டுக் கிடக்கிறார், நாயகனை நெடுநேரமாகச் சந்தேகித்து வந்த அவர் இப்போது அவன் உண்மையில் யார் என்பதைத் தன்னிடம் சொன்னதற்காக நன்றி கூறுகிறார். நமக்கு அந்த உண்மை தெரியாது, படம் முடியும்வரை தெரியப்போவதுமில்லை. கதையின் மிகப் பெரிய முடிச்சு அவிழும் இடத்தைத் தொலைத்துவிட்டு, அதனால் கதைக்கு ஒரு குறையும் வரவில்லை என்று ரோட்ரிகஸ் காட்டிவிடுகிறார். ஒட்டுப்போட்ட பிரிண்டில் பார்த்த ரசிகன் விடுபட்டதைத் தன் மனத்தில் தானே எடுத்துக்கொள்வான் என்ற அனுபவ அறிவு அதில் இருக்கிறது.

இருந்தும், அந்த ஜோடியில் நான் மேலாக மதிப்பது ‘டெத் ப்ரூஃப்’ படத்தின் கடைசிப் பகுதியை. அங்கே கீறல்கள் ஏறத்தாழ மறைந்துவிடுகின்றன. டாரன்டினோ தானே ஒளிப்பதிவு செய்த அந்தப் பகுதியில், ‘கில் பில்’ படத்தில் உமா தர்மனுக்கு டூப் போட்ட நியூசிலாந்து ஸ்டன்ட் கலைஞர் ஸோயி பெல், ஸோயி பெல்லாகவே வருகிறார். 1971ஆம் ஆண்டின் ‘வானிஷிங் பாயின்ட்’ படத்தில் வந்ததைப் போன்ற வெள்ளை நிற 1970ஆம் வருட டாட்ஜ் சாலஞ்சர் ஒன்றை விற்பனைக்கு ஓட்டிப் பார்க்கும் சாக்கில் வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கக் கதவுகளிலும் கட்டிய இரண்டு பெல்ட்டுகளைப் பிடித்தபடி பானெட்டின் மேல் மல்லாந்து படுக்கிறார். கார் வேகமெடுக்கிறது. அப்போது கர்ட் ரஸ்ஸல் நடித்த ஸ்டன்ட்மேன் மைக் தன் காரால் பக்கவாட்டில் வந்து மோதத் தொடங்குகிறார். பெல்ட் நழுவுகிறது, அவருடைய கால்கள் பானெட்டின் ஓரத்தில் வழுக்குகின்றன, கேமரா அவருடைய முகத்தைவிட்டு அகலாமல் இருக்கிறது. அங்கே கணினி வேலை இல்லை. அந்த முகம் டூப்பின் முகம் என்பதால் மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. சினிமா தொடங்கிய காலத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே விழுந்து வந்த ஒரு தொழிலாளர் வர்க்கத்தின் முகத்தை, அந்தத் தொழில் நடக்கும் நொடியிலேயே, நேருக்கு நேராகக் காட்டிய காட்சி அது. பழைய கார் துரத்தல் படங்களில் பணமில்லாததால் எல்லாவற்றையும் உண்மையாகவே செய்தார்கள். அந்த உண்மையைத்தான் இந்தக் காட்சி வாரிசாகப் பெற்றிருக்கிறது. ஒரு மலிவுப் படத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் பார்த்ததில்லை.

படம் ஏன் ஓடவில்லை என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. முதல் படம் முடிந்ததும் காட்சியே முடிந்துவிட்டது என்று எண்ணிச் சிலர் எழுந்து போய்விட்டதாக அப்போது செய்திகள் வந்தன. அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் இரண்டு படங்களையும் பிரித்து, தனித்தனியாக நீட்டி வெளியிட்டார்கள்; ‘டெத் ப்ரூஃப்’ நீண்ட வடிவில் அந்த ஆண்டின் கான் விழாவில் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டது. தனித்தனியாகப் பார்த்தவர்களுக்கு முதலாவது இரைச்சலாகவும் இரண்டாவது வெறும் பேச்சாகவும் தோன்றியதில் வியப்பில்லை. முதல் படம் உடலைக் களைப்பாக்கி வைத்த பிறகு இரண்டாவது படம் மெதுவாகப் பேசத் தொடங்கும்போது ரசிகன் தளர்ந்து சாய்ந்து உட்காருவான், அப்படிச் சாய்ந்தவன்மேல்தான், ஸ்டன்ட்மேன் மைக் தன் காரை எதிரே வரும் காரில் மோதும் அந்த நள்ளிரவு நேர்மோதல் வந்து விழ வேண்டும். ஜோடியைப் பிரித்தவர்கள் அந்த ஏற்பாட்டையே கலைத்துவிட்டார்கள்.

இப்படிச் சேர்த்துப் பார்க்கும் அனுபவத்தையே கலையாக்கும் முயற்சியை டாரன்டினோ கண்டுபிடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1978இலேயே ஸ்டான்லி டோனன் ‘மூவி மூவி’ என்ற படத்தை எடுத்தார். 1930களின் பாணியில் ஒரு குத்துச்சண்டைக் கதை, ஒரு மேடை இசைக் கதை, இரண்டுக்கும் நடுவில் ஒரு போலி டிரெய்லர். இரண்டு கதைகளிலும் ஜார்ஜ் சி. ஸ்காட்டே நடித்தார். அது மரியாதைக்குரிய பழைய ஹாலிவுட்டுக்குச் செலுத்திய அஞ்சலி என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை, இன்று அதிகம் பேசப்படுவதுமில்லை.

‘கிரைண்ட்ஹவுஸின்’ போலி டிரெய்லர்களில் சில பிறகு மெய்யான படங்களாயின. டேனி ட்ரெஹோ நடித்த ‘மச்சேட்டி’ 2010இல் வந்தது. டிரெய்லர் போட்டியில் வென்று கனடாவின் சில திரையரங்குகளில் மட்டும் சேர்த்துக் காட்டப்பட்ட ஜேசன் ஐசனரின் ‘ஹோபோ வித் எ ஷாட்கன்’ 2011இல் ருட்கர் ஹாவர் நடிக்க முழுப் படமானது. ஈலை ராத்தின் ‘தேங்ஸ்கிவிங்’ 16 ஆண்டுகள் கழித்து 2023இல் வந்தது. ‘மச்சேட்டி’ எனக்கு ஏமாற்றம்தான். இரண்டு நிமிட வாக்குறுதியை நூறு நிமிடத்துக்கு இழுத்தபோது அதன் துள்ளல் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. ஐசனரின் படத்தில் மட்டும், கண்ணைக் கூசும் நிறங்களுக்கும் வன்முறைக்கும் நடுவில், மருத்துவமனையில் புதிதாகப் பிறந்த குழந்தைகளைப் பார்த்து அந்த வீடற்ற முதியவர் பேசும் ஒரு காட்சி இருக்கிறது. ஹாவர் அதை அத்தனை உண்மையாக நடித்திருக்கிறார். மலிவுப் படங்களில் எதிர்பாராத இடத்தில் ஒரு நல்ல நடிகர் தன் முழுத் திறமையையும் கொட்டிவிட்டுப் போவது பழைய வழக்கம்தான்.

ராத் எடுத்த முடிவு சிந்திக்கத்தக்கது. 1980இல் வந்து அழிந்துபோன ஒரு படத்தின் எஞ்சிய துண்டுதான் அந்த டிரெய்லர், இப்போது வருவது அதன் மறு உருவாக்கம் என்ற கற்பனையை வைத்துக்கொண்டு, கீறலும் ஒட்டும் இல்லாத இன்றைய படமாகவே அவர் அதை எடுத்தார். அதற்குள் நிலைமை மாறியிருந்தது. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கீறல் விழும் என்றான பிறகு, கதையிலும் நடிப்பிலும் உழைக்காமல் மேற்பூச்சை மட்டும் பழையதாக்கிய படங்கள் வரிசையாக வந்து குவிந்தன. வேண்டுமென்றே மோசமாக எடுத்த படத்தைப் பார்ப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. மூலப் படங்களை எடுத்தவர்கள் யாரும் மோசமாக எடுக்க முயலவில்லை. இரண்டு பகலும் ஓர் இரவும் மட்டுமே கையில் இருந்தபோது ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ படத்தின் பெரும்பகுதியை எடுத்து முடித்த ராஜர் கோர்மன், கிடைத்த நேரத்தில் தன்னால் முடிந்த மிகச் சிறந்ததைத்தான் செய்தார்.

இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்த நகைச்சுவைப் படம் ‘பிளாக் டைனமைட்’. 2009இல் வெளியான அதற்கு இயக்குநர் ஸ்காட் சாண்டர்ஸும் நாயகன் மைக்கேல் ஜெய் வைட்டும் டிஜிட்டல் பூச்சை நாடாமல், சூப்பர் 16 கலர் ரிவர்சல் ஃபிலிமையே பயன்படுத்தினார்கள். அந்த அடர்ந்த நிறமும் கருத்த நிழலும் ஃபிலிமிலிருந்தே வந்தவை. ஒரு சண்டையில் உண்மையாகவே அடி விழுந்துவிட, கோபம் கொண்ட நடிகர் அடுத்த ஷாட்டில் காணாமல் போகிறார், வேறொருவர் அதே உடையில் நின்று சண்டையைத் தொடர்கிறார். இரண்டாவது டேக் எடுக்கக் காசில்லாத ஒரு படப்பிடிப்பின் முழு நிலவரமும் அந்த ஒரு வெட்டில் இருக்கிறது.

ஜோடிப் படம் என்ற வடிவத்தை உண்மையில் முன்னெடுத்துச் சென்றவர் டை வெஸ்ட் என்பது என் கருத்து. 2022 மார்ச்சில் ‘எக்ஸ்’, அதே ஆண்டு செப்டம்பரில் ‘பேர்ல்’. இரண்டும் நியூசிலாந்தில் அடுத்தடுத்து எடுக்கப்பட்டவை. முதல் படத்துக்குப் போட்ட செட்டும் திரட்டிய குழுவும் கையில் இருக்கும்போதே இரண்டாவது படத்தையும் எடுத்துவிடுவது கோர்மன் காலத்துச் சிக்கனம். ‘எக்ஸ்’ 1979இல் டெக்சஸ் பண்ணை வீடொன்றில் நீலப்படம் எடுக்கப் போகும் இளைஞர்களின் கதை. அவர்களைக் கொல்லும் கிழவி பேர்ல், தப்பிக்கும் இளம்பெண் மேக்ஸின் ஆகிய இருவரையும் மியா காத் என்ற ஒரே நடிகை நடித்திருக்கிறார். மேக்ஸின் குளத்தில் நீந்திக் கரை திரும்பும்போது, மேலிருந்து பார்க்கும் ஒரே நீண்ட ஷாட்டில், அவளுக்குப் பின்னால் ஒரு முதலை அவசரமில்லாமல் தொடர்கிறது. அவள் ஏறிவிடுகிறாள், திரும்பிப் பார்ப்பதே இல்லை. அந்தக் குளமும் அந்தப் படித்துறையும் ‘பேர்ல்’ படத்தில் 61 ஆண்டுகள் முந்தையதாக, 1918ஆம் ஆண்டின் தொற்றுக்காலத்தில், பழைய டெக்னிகலர் படங்களின் பளபளப்போடு வருகின்றன. சினிமாவில் சேர வேண்டும் என்ற ஆசை பொய்த்துப்போன பண்ணைப் பெண்தான் அந்தக் கிழவி என்று தெரிந்த பிறகு, முதல் படத்தில் அவள் ஜன்னல் வழியாக இளையவர்களைப் பார்க்கும் பார்வையின் பொருளே மாறிவிடுகிறது. ஒன்றின்மேல் மற்றொன்று வெளிச்சம் வீசும்படி இரண்டு படங்களை அமைப்பது 42ஆம் தெருவில் யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஜோடி சேர்த்தவர்கள் விநியோகஸ்தர்கள். அங்கே தற்செயலாக நடந்ததை வெஸ்ட் ஆசிரியனின் வேலையாக்கினார். 2024இல் வந்த ‘மேக்ஸின்’ இந்த இரண்டுக்கும் ஈடாகவில்லை. அதில் 1985ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் அலங்காரம் கூடி, ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

இந்தப் படங்களைப் பற்றி எழுதும்போது, மூலப் படங்கள் பெண் உடலை எப்படி விற்றன என்பதை விழுங்கிவிட்டுப் பேச என்னால் முடியாது. அந்தப் படங்களில் பல, வன்புணர்வைக் கவர்ச்சியாக விளம்பரப்படுத்தியவை. அஞ்சலி என்ற பெயரில் அதையும் அப்படியே படியெடுப்பவர்கள்மேல் எனக்கு மதிப்பில்லை. அன்னா பில்லரின் ‘தி லவ் விட்ச்’ இந்த இடத்தில் முக்கியமானது. 2016இல் வெளியான இந்தப் படத்தை அவர் 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்; எழுத்து, இயக்கம், படத்தொகுப்பு, அரங்கம், உடை எல்லாமே அவர் கைவேலை. ஆண்களை மயக்கும் மந்திரக்காரி என்ற 1960களின் மலிவுப் படச் சரக்கை எடுத்துக்கொண்டு, அதே அழகான உடைகளையும் அதே கனத்த கண்மையையும் வைத்துக்கொண்டு, பார்க்கப்படுகிறவளின் மனத்துக்குள்ளிருந்து அவர் கதையைச் சொன்னார். தன் படத்தை வெறும் பழைய படப் பகடி என்று வகைப்படுத்துவதை அவர் தொடர்ந்து மறுத்து வருவதிலுள்ள நியாயம், படத்தை ஒருமுறை பார்த்தாலே விளங்கும்.

மூலப் படங்களோ இப்போது கீறல்களிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கன் ஜானர் ஃபிலிம் ஆர்க்கைவ் என்ற அமைப்பு டெக்சஸின் ஆஸ்டினில் 2009இல் தொடங்கப்பட்டு, யாரும் சீந்தாத பிரிண்டுகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. வினிகர் சிண்ட்ரோம் என்ற நிறுவனம், அசிடேட் ஃபிலிம் கெடும்போது எழும் புளித்த வாடையையே பெயராக வைத்துக்கொண்டு, நெகட்டிவ்களைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்து வெளியிடுகிறது. 16 மி.மீ. ரிவர்சல் ஃபிலிமில் எடுக்கப்பட்டு 1974இல் வெளியான ‘தி டெக்சஸ் செயின் சா மாசகர்’ 2014இல் 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்டது. அந்த வடிவத்தில், டிரைவ்-இன்னில் பார்த்த எவருக்கும் தெரிந்திருக்காத அளவுக்கு, டெக்சஸின் கோடை வெயிலில் வாடிய புல்லும் நடிகர்களின் சட்டையில் ஊறிய வியர்வையும் தெளிவாகத் தெரிகின்றன. இவற்றை எடுத்தவர்கள் ஒளியையும் சட்டகத்தையும் எவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நமக்கு வாய்த்திருக்கிறது.

ஆகவே இந்த வகைக்குப் புதியவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் ஒரு ஜோடிக் காட்சியையே பரிந்துரைப்பேன். முதலில் மீட்டெடுக்கப்பட்ட ‘டெக்சஸ் செயின் சா’வைப் பாருங்கள், 83 நிமிடங்கள்தான். இடைவேளையில் எட்கர் ரைட்டின் டிரெய்லரைப் போடுங்கள். அதன்பிறகு அதே சாலை, அதே வேன், அதே வகைப் பண்ணை வீட்டோடு தொடங்கும் ‘எக்ஸ்’. ‘கிரைண்ட்ஹவுஸை’ வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிரித்து வெளியிட்ட நீண்ட வடிவங்களைத் தவிர்த்து, திரையரங்கில் வந்தபடியே இரண்டு படங்களும் டிரெய்லர்களும் சேர்ந்திருக்கும் புளூ-ரேயைத் தேடிப் பிடியுங்கள். 2010இல் அமெரிக்காவில் அது வெளிவந்திருக்கிறது.